போஸ்னான் ஸ்டேஷனில் சுடர்விழி

இளம்பரிதி மின்விசிறியை நிறுத்தினான். ஜன்னலைச் சாத்திவிட்டு, கழுத்துவரை ஜிப் போட்ட குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர் மட்டும் தெரியும்படி போனைச் சாய்த்து வைத்திருந்தான்.

"வணக்கம் மக்களே, நான் போலந்து பரிதி. வெளியில மைனஸ் ஒம்போது. ஜன்னலத் தொறந்தா மூக்கு தனியா கழண்டு விழுந்துரும் போல இருக்கு…"

மூன்றாவது வாக்கியத்தில் வியர்வை புருவத்தைத் தாண்டி இறங்கியது. நிறுத்தி, துடைத்து, மறுபடியும் தொடங்கினான். இந்த முறை தெருவில் மீன்காரரின் ஒலிபெருக்கி குறுக்கிட்டது. கோட்டைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தான். எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினான். உட்கார முடியவில்லை. இப்போதெல்லாம் அவனால் எந்த இடத்திலும் பத்து நிமிடம் உட்கார முடிவதில்லை.

போலந்திலிருந்து அவன் திரும்பி மூன்று மாதமாகிவிட்டது. ஐப்பசி மழையில் திருவையாற்றில் வந்து இறங்கியவனுக்கு வயது முப்பத்தொன்று. போஸ்னான் என்ற நகரத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தான். கம்பெனி ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. தங்குவதற்கான அனுமதிக்கு மனுப் போட்டான், மறுத்துவிட்டார்கள். ஊரில் கேட்டவர்களிடம் "லீவுல வந்திருக்கேன்" என்றான். அவனுடைய சேனலைப் பார்க்கும் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பேரிடம் எதுவுமே சொல்லவில்லை. அங்கே எடுத்த வீடியோ துண்டுகள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. அவற்றை வெட்டி ஒட்டி, இந்த அறையில் உட்கார்ந்து முகத்தைக் காட்டிப் பேசி, வாரம் இரண்டு போட்டுக்கொண்டிருந்தான். அவர்களைப் பொறுத்தவரை பரிதி இன்னும் பனியில்தான் நடந்துகொண்டிருந்தான்.

ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் அவன் சொல்கிற ஒரு வரி உண்டு. "போஸ்னானுக்கு வந்தீங்கன்னா ஒரு மெசேஜ் போடுங்க மக்களே. ஸ்டேஷனுக்கு வந்து நிப்பேன்." இருந்த காலத்தில் ஏழெட்டுப் பேருக்கு அப்படிப் போய் நின்றும் இருக்கிறான்.

அம்மா அம்சம் கதவைத் தட்டினாள்.

"பரிதி, மிஷின் நம்ம வயலுக்கு வந்துருச்சுடா. சாக்கு எடுத்துக்கிட்டு வா. இப்ப விட்டா இன்னும் நாலு நாளு ஆவும்."

தை மாதம். சுற்றிலும் சம்பா அறுப்பு. அறுப்பு மிஷினுக்கு எல்லோரும் காத்துக்கிடந்த நேரம். அம்சம் முன்னொரு காலத்தில் கூலிக்கு நட்ட வயலில் இரண்டு மா நிலம் இப்போது அவள் பெயரில் இருந்தது. அதை விட்டு அவள் நகரமாட்டாள்.

"போம்மா, வந்துடறேன்."

சாக்குக் கட்டைத் தூக்கும்போது போன் அதிர்ந்தது. இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தி.

"அண்ணா, என் பேர் சுடர்விழி. சீர்காழி பக்கம். போஸ்னான் ஸ்டேஷன்ல இப்பதான் இறங்கினேன். ஏஜென்ட் அனுப்புறேன்னு சொன்ன ஆள் வரல. போன் பண்ணா எடுக்கல. உங்க வீடியோ எல்லாம் பாப்பேன். ஸ்டேஷனுக்கு வர முடியுமா அண்ணா?"

கூடவே ஒரு படம். மஞ்சள் எழுத்து ஓடும் அறிவிப்புப் பலகை, கீழே பெரிய நீலப்பெட்டி, அதன் மேல் ஒரு தமிழ்நாட்டுக் கம்பளிப் போர்வை. பலகையில் நேரம் 10:12. இங்கே மணி மூன்றாகப் போகிறது.

இளம்பரிதி சாக்கைக் கீழே போட்டான். அந்த இடம் அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெட்டிக்கு வலப்பக்கம் பத்தடி போனால் வெந்நீர்க் குழாய் பொருத்திய சூடான சுவர் ஒன்று உண்டு. அங்கே போய் நில்லுங்கள் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு என்ன சொல்வது?

விரல்கள் தாமே தட்டின. "ஷிப்ட்ல இருக்கேன்மா. சாயங்காலம்தான் வெளிய வர முடியும். பயப்படாதீங்க."

"சரிங்க அண்ணா. எனக்கு இங்க சிம் இல்ல. ஸ்டேஷன் வைஃபைதான். சார்ஜ் 31 இருக்கு. அதுவரைக்கும் எங்க இருக்கறது?"

யோசித்தான். ஸ்டேஷனிலிருந்து ட்ராமில் மூன்றாவது நிறுத்தத்தில் ஓர் இந்தியச் சாமான் கடை இருந்தது. அரிசியும் புளியும் விற்கும். கடைக்காரர் நல்ல மனிதர், புதிதாக வருகிறவர்களை உட்காரவைத்து டீ கொடுப்பார். அதைப் பற்றியே மூன்று வீடியோ போட்டிருக்கிறான். வழியை வரிவரியாக எழுதினான். எந்த வாசல், எந்தப் பக்கம் ட்ராம், இறங்கியதும் மருந்துக் கடையைத் தாண்டி இடப்பக்கம். "அங்க போயி என் பேரச் சொல்லுங்க" என்று முடித்தான்.

"ரொம்ப நன்றி அண்ணா. கிளம்புறேன்."

அவ்வளவுதான். ஸ்டேஷனை விட்டு வெளியே போனால் அவளுக்கு வைஃபை கிடையாது.

சாக்கைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனான். வரப்பில் நின்றபடி போனைப் பார்த்தான். பத்து நிமிடம். இருபது. மிஷின் ஒரு சுற்று முடித்து மறு சுற்று திரும்பியது. அம்சம் "அந்தப் பக்கம் சாஞ்சு கெடக்கு, பாத்து அறுக்கச் சொல்லு" என்று கத்தியது காதில் விழவில்லை. நாற்பது நிமிடமானதும் என்னவோ தோன்றி, மேப்பில் அந்தக் கடையைத் தேடினான்.

கடையின் பெயருக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி இருந்தது. நிரந்தரமாக மூடப்பட்டது. கடைசி விமர்சனம் நவம்பரில் யாரோ எழுதியது: கடைக்காரர் லண்டனுக்குக் குடிபோய்விட்டார்.

இளம்பரிதி உடனே செய்தி அனுப்பினான். அவள் பார்த்ததாகக் காட்டவில்லை. அழைத்தான், போகவில்லை. வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். அவள் என்ன செருப்புப் போட்டிருக்கிறாள்? கையுறை வைத்திருக்கிறாளா? மைனஸ் ஒன்பது என்பதை அவன் சிரித்துக்கொண்டே எத்தனை முறை சொல்லியிருப்பான். மூடிய கடையின் முன்னால் கம்பளிப் போர்வையோடு ஒருத்தி நிற்பதை இப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"யாருக்குடா இப்படிப் பதறுற?" என்றாள் அம்சம்.

"ஒன்னுமில்லம்மா."

ஸ்டேஷனிலிருந்து கிளம்பி ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து அவளே அழைத்தாள். எடுத்த வேகத்தில் போன் கைநழுவி வரப்பில் விழுந்தது. பொறுக்கி எடுத்துக் காதில் வைத்தான்.

"அண்ணா, அங்க கடையே இல்லண்ணா. முடி வெட்டுற கடை இருக்கு. பூட்டியிருக்கு. ஒருத்தர்கிட்ட கேட்டேன், அவருக்கு இங்கிலீஷ் வரல. திரும்பி ஸ்டேஷனுக்கே வந்துட்டேன். வெரலு மரத்துப்போச்சு. போன அழுத்தவே முடியல…" அவள் அழவில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் பல் தந்தியடித்தது கேட்டது.

"சுடர், வலது பக்கம் ஒரு பத்தடி நடங்க. சுவத்துல கை வச்சுப் பாருங்க. சூடா இருக்கும். அங்கயே நில்லுங்க."

"ம்… ஆமாண்ணா. சூடா இருக்கு."

"அப்படியே நில்லுங்க. நான் இன்னொரு ஆளு…"

அப்போது மிஷின் அவன் நின்ற மூலைக்கு வந்து, ரிவர்ஸ் எடுத்து, உறுமிக்கொண்டு திரும்பியது. அவன் போனின் வாயைப் பொத்தினான். அதற்குள் சத்தம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"அண்ணா, அது என்ன சத்தம்?"

"கம்பெனி மிஷின்மா."

எதிர்முனையில் அவள் போனைக் காதோடு அழுத்திக்கொள்ளும் உரசல் கேட்டது.

"அது பெல்ட் வண்டிண்ணா" என்றாள் சுடர்விழி. குரல் மாறியிருந்தது. "எங்கப்பா அறுப்பு மிஷின் டிரைவர். இருவது வருஷமா அந்தச் சத்தத்துலதான் வளந்தேன். டயர் வண்டி வேற மாதிரி கேக்கும். நீங்க எங்க இருக்கீங்க?"

அவன் வாயைத் திறந்தான். மிஷின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அம்சம் வேறு "சாக்கப் பிடிடா" என்று கூப்பிட்டாள். அதுவும் அங்கே கேட்டிருக்கும்.

"திருவையாறு பக்கம். எங்க ஊருல."

"எப்பலேந்து?"

"ஐப்பசிலேந்து."

"போன வாரம் பனியில ஏரி உறைஞ்சுபோச்சுன்னு காட்டுனீங்களே?"

"அது போன வருஷம் எடுத்தது."

அவள் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "சார்ஜ் எட்டு இருக்கு. நான் வச்சிடறேன்" என்று துண்டித்தாள்.

அந்த நகரத்தில் உடனே ஸ்டேஷனுக்கு வரக்கூடிய ஒரே ஆளை இளம்பரிதிக்குத் தெரியும். தியாகேசன். திருத்துறைப்பூண்டிக்காரன். இரண்டு வருடம் ஒரே அறையில் கிடந்தவர்கள். தியாகேசனின் அப்பா இறந்த அன்று டிக்கெட் கிடைக்காமல் அவன் கட்டிலில் குப்புறப்படுத்து அழுததை இளம்பரிதி வாசலில் நின்று படமெடுத்தான். முகம் சரியாகத் தெரியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். 'வெளிநாட்டு வாழ்க்கை: யாரும் காட்டாத மறுபக்கம்' என்று தலைப்பு வைத்துப் போட்டான். ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். தியாகேசனின் அம்மாவும் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த அறையில் ஏழு மாதம் இருந்தும் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

முதல் அழைப்பை தியாகேசன் எடுக்கவில்லை. இரண்டாவதையும் எடுக்கவில்லை. மூன்றாவதை எடுத்தான்.

"தியாகு, நான் பரிதி. ஒரு பொண்ணு ஸ்டேஷன்ல தனியா நிக்குது. சீர்காழிப் பொண்ணு. ஏஜென்ட் ஆளு வரல. நான் தப்பா வழி சொல்லி ரெண்டு மணி நேரம் குளிர்ல அலைய விட்டுட்டேன்."

"வீடியோவுக்கா?"

"இல்லடா. சத்தியமா இல்ல. நான் ஊருல இருக்கேன்னு அதுகிட்ட சொல்லிட்டேன்."

தியாகேசன் கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. "ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு இப்பதான் படுத்தேன்" என்றான். பிறகு, "எந்த எடம்?"

"பலகைக்கு வலது பக்கம், சூடான சுவரு. நீலப்பெட்டி."

"போறேன். நான் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள அந்த வீடியோ இருக்கக் கூடாது."

"எடுத்துடறேன்."

அறுத்த நெல் தாளின் மேல் உட்கார்ந்து இளம்பரிதி அதை நீக்கினான். நிச்சயமாக நீக்கவா என்று போன் கேட்டது. ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் என்ற எண் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. அவனுக்கு அதில் வருத்தம் வரவில்லை. சுடர்விழியின் சார்ஜ் இப்போது எவ்வளவு இருக்கும் என்பதே ஓடிக்கொண்டிருந்தது.

நாற்பது நிமிடம் கழித்து தியாகேசனிடமிருந்து செய்தி வந்தது. "பாத்துட்டேன். சூப் குடிக்குது. சாயங்காலம் நம்ம ஊரு நர்சுங்க தங்கியிருக்கற வீட்ல விடுறேன். அது வேலைக்குச் சேர்ற கம்பெனி நெசந்தான், இங்கேந்து அறுவது கிலோமீட்டர். நாளைக்கு ரயில் ஏத்திவிடுறேன்."

இளம்பரிதி சாக்குமூட்டைகளுக்கு நடுவே அப்படியே மல்லாந்தான். அம்சம் வந்து பார்த்தாள். அவன் நடந்ததை எல்லாம் சொன்னான். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்குத் தாயி தகப்பன் இருக்காங்கல்ல? அவங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை சுடர்விழியிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. தூங்கி எழுந்த குரல்.

"அண்ணா, நான் நல்லா இருக்கேன். தியாகு அண்ணன் நல்லவரு. ஒன்னு சொல்லணும். எங்கப்பா என்னைய விடமாட்டேன்னுதான் சொன்னாரு. நீங்க ஸ்டேஷனுக்கு வருவீங்கன்னு வீடியோவப் போட்டுக் காட்டுன பொறவுதான் சரின்னாரு. நேத்து போன்ல 'பரிதி தம்பி வந்துச்சா'ன்னு கேட்டாரு. நான் வந்தாருன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. என்னால பொய் சொல்ல முடியாது. நீங்களே போயி சொல்லிடுங்க. வீட்டு வழி அனுப்புறேன்."

அவன் இரண்டு முறை கேட்டான். வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்தான். பிறகு சட்டையை மாட்டினான்.

கும்பகோணத்தில் ஒரு முறை, மயிலாடுதுறையில் ஒரு முறை பஸ் மாறினான். மூன்று பஸ்ஸிலும் உட்கார இடம் இருந்தும் பாதி வழி படிக்கட்டுப் பக்கம் நின்றே போனான். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். கேமரா முன்னால் நாக்கு தடுக்காதவனுக்கு இரண்டு வாக்கியம் சேரவில்லை. சீர்காழியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, கடைசி ஒரு கிலோமீட்டர் நடந்தான்.

சாலையோரத்தில் பெல்ட் கழன்ற அறுப்பு மிஷின் ஒன்று நின்றது. அதனடியில் படுத்துக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தவர் தலையை நீட்டிப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். கண்ணைச் சுருக்கினார். பிறகு முகமெல்லாம் சிரிப்பானார்.

"அட, போலந்து பரிதி! தங்கமணி, யாரு வந்திருக்கா பாரு! என்ன தம்பி, நேத்து எம் புள்ளைய அங்க ஸ்டேஷன்ல கூட்டிக்கிட்டுப் போயிட்டு இன்னிக்கி இங்க நிக்கிறீங்க? அம்புட்டு வேகமாவா பிளேன் வருது?"

அவர்தான் காத்தான், சுடர்விழியின் அப்பா. வீட்டிலிருந்து அவர் மனைவி தங்கமணி ஈரக் கையோடு ஓடிவந்தாள். இளம்பரிதிக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

"ஐயா, நான் நேத்து அங்க இல்ல. மூனு மாசமாவே இல்ல."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கடை மூடியிருந்ததை, அவள் திரும்பி வந்ததை, சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்ததை. பாதியில் தங்கமணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். காத்தான் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

"அந்த ஒன்னே முக்கா மணி நேரம் எம் புள்ள எங்க நின்னுச்சு?"

"கடை இருந்த தெருவுல கொஞ்ச நேரம். அப்புறம் ட்ராம் நிக்கிற எடத்துல."

"உக்கார எடம் இருக்கா?"

"பெஞ்சு இருக்குங்க."

"மேல கூரை?"

"இருக்கு. பக்கமெல்லாம் தொறந்திருக்கும்."

காத்தான் தலையை ஆட்டினார். அந்த இடத்தை மனதுக்குள் கட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. "நான் மிஷின்ல உக்காந்து சாப்புடுற நேரமெல்லாம் உங்க வீடியோதான் பாப்பேன் தம்பி. கடை, பாலம், ஏரி எல்லாம் பாத்திருக்கேன். நீங்க வேலை பாத்த கம்பெனிய மட்டும் காட்டுனதே இல்ல. அது ஏன்?"

"உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க. ஞாயித்துக்கெழமதான் லீவு. அன்னிக்குதான் எல்லாம் எடுப்பேன்."

"அப்ப நாங்க பாத்ததெல்லாம் ஞாயித்துக்கெழம."

"ஆமாங்க."

"மத்த ஆறு நாளச் சொல்லுங்க."

சொன்னான். கோழி வெட்டி அடுக்கும் தொழிற்சாலை, உள்ளே எப்போதும் நாலு டிகிரி, பத்து மணி நேரம் நின்றபடி, கழிப்பறைக்குப் போகவும் கையைத் தூக்கிக் கேட்க வேண்டும். முதல் குளிர்காலத்தில் அவன் மூன்று மாதம் வெயிலையே பார்க்கவில்லை. போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. இதையெல்லாம் அவன் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்கிறான் என்பது சொல்லும்போதுதான் தெரிந்தது.

"இத ஏன் தம்பி வீடியோல சொல்லல?"

"சொன்னா யாரும் பாக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்."

"நான் பாத்திருப்பேன்" என்றார் காத்தான். சத்தம் உயரவில்லை. ஆனால் அதற்கு மேல் அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

தங்கமணிதான் மகளை வீடியோ காலில் பிடித்தாள். ரயில் ஜன்னலோரம் சுடர்விழி உட்கார்ந்திருந்தாள். வெளியே வெள்ளை வயல் ஓடிக்கொண்டிருந்தது. விரல்களை விரித்து விரித்து அம்மாவுக்குக் காட்டினாள். காத்தான் போனை வாங்கினார்.

"இந்தத் தம்பி எல்லாத்தையும் சொல்லிச்சு. நின்னுகிட்டே பத்து மணி நேரமாம். வேண்டாம், வந்துடு. நான் பாத்துக்கிறேன்."

"அண்ணன் அங்க வந்திருக்காரா?" என்றாள். "நான் வரலப்பா. நேத்து அந்தத் தெருவுல நிக்கறப்ப வந்துடலாம்னுதான் இருந்துச்சு. இப்ப வேணாம். ஒரு வருஷம் பாக்குறேன். முடியலன்னா நானே சொல்லுவேன். வீட்டுக்கு மறைக்கமாட்டேன்."

காத்தான் போனை இளம்பரிதியிடம் நீட்டினார்.

"வீடியோ போடுவீங்களா அண்ணா, இதப்பத்தி?"

"போடணும்னு இருக்கு."

"என் பேரு வேண்டாம். என் படமும் வேண்டாம்."

"வராது."

தங்கமணி அவனைச் சாப்பிடச் சொன்னாள். காத்தான் சொல்லவில்லை. ஆனால் கிளம்பும்போது பைக்கில் ஏற்றிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார். "திரும்பப் போவீங்களா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க. இங்க இருந்தா அங்க இருக்கணும் போல இருக்கு. அங்க இருந்தப்ப ஒவ்வொரு நாளும் நாளு எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"பஸ் வருது" என்றார் காத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை இளம்பரிதி வீட்டு வாசலில் கைலியோடு உட்கார்ந்து ஆறு நிமிடம் பேசினான். பாட்டு இல்லை, வெட்டு இல்லை. எங்கே இருக்கிறான், எப்போதிலிருந்து இருக்கிறான், எதைக் காட்டவில்லை என்பதைச் சொன்னான். நடுவில் இரண்டு இடத்தில் சொல்ல வந்தது மறந்துபோனது. அதையும் அப்படியே விட்டான். ஒரு வாரத்தில் பதினெட்டாயிரம் பேர் விலகினார்கள். கெட்ட வார்த்தையில் திட்டியவர்கள் அதிகம். சிலர் தொழிற்சாலையில் மாதவிலக்கு நாளில் உட்கார விடுவார்களா, ஒப்பந்தத்தை எந்த மொழியில் கொடுப்பார்கள் என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னான். தெரியாததற்கு, தியாகேசனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதினான். தியாகேசன் ஒற்றை வரியில் பதில் அனுப்புவான். நலமா என்று அவன் கேட்பதில்லை. இவனும் கேட்க இன்னும் துணியவில்லை.

அறைக்குள் உட்காரும் வேலை போயிற்று. நடக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. காலையில் எழுந்தால் கால் தானாகக் கொள்ளிடக் கரைவரை கொண்டுபோய் விட்டுவிடும். தஞ்சாவூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வை வேலைக்கு மனுப் போட்டான். ருமேனியாவில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு நண்பன் அனுப்பிய விவரத்தையும் அழிக்காமல் வைத்திருந்தான்.

பங்குனியில் ஒரு நாள் சுடர்விழி செய்தி அனுப்பினாள். இரண்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டாள். முழங்கால் வலிக்கிறது, கூட வேலை செய்யும் உக்ரைன்காரி ஒருத்தி களிம்பு கொடுத்தாள், பரவாயில்லை. கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள்.

"அண்ணா, இந்தக் குளிர் எப்பதான் விடும்?"

ஏப்ரலில் வெயில் வந்துவிடும் என்று அவன் எழுதினான். அனுப்பாமல் சற்று நேரம் பார்த்தான். பிறகு கீழே இன்னொரு வரி சேர்த்தான். "ஆனா நான் இருந்த ரெண்டாவது வருஷம் ஏப்ரல்லயும் பனி பெஞ்சுது. கோட்ட உள்ள எடுத்து வச்சிடாத."